சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவரின் வீட்டாருக்கு



உங்கள் வீட்டில் ஓர் அறையின் கதவு எப்போதும் பாதி சாத்தியே இருக்கும். உள்ளே மகனோ மருமகளோ, தம்பியோ தாயோ, சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருப்பார். காலையில் கொண்டுபோய் வைத்த காப்பி ஆடை படிந்து, பத்து மணிக்கு அப்படியே அடுக்களைக்குத் திரும்பும். சாப்பிட்டாயா என்று கேட்டால் 'ம்' என்று ஒரு சத்தம் வரும். மருத்துவரிடம் காட்டியாயிற்று, மாத்திரையும் ஓடிக்கொண்டிருக்கிறது. "கொஞ்சம் வெளிய கூட்டிட்டுப் போங்க, காத்து வெளிச்சம் படட்டும்" என்று அவர் சொல்லி அனுப்பியிருப்பார். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிற உங்களுக்குத்தான் இந்த மடல்.

எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. சென்னையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த என் தம்பி ஓர் ஆனி மாதம் பெட்டியோடு திருநெல்வேலிக்கு வந்து இறங்கினான். வந்தவன் படுத்துவிட்டான். அப்போது அவனுக்கு முப்பத்தொரு வயது. மருத்துவர் மனச்சோர்வு என்று சொன்னதும் அம்மா, "சோர்வுதானே, நாலு நாள் நல்லா தூங்கி எந்திரிச்சா சரியாயிரும்" என்றார். நான் அவ்வளவு பொறுமையாகக்கூட இல்லை. "எந்திரிடா. ஒரு நடை போய்ட்டு வா, எல்லாம் சரியாயிரும்" என்று நாளைக்கு நாலு தடவையாவது அந்த அறை வாசலில் நின்று சொல்லியிருப்பேன். ரொம்ப நாள் கழித்து அவன் ஒரு பேச்சில் சொன்னான்: "நீ அதச் சொல்லும்போதெல்லாம், எந்திரிக்க முடியாததும் என் தப்புதான்னு தோணும்க்கா."

அடுத்த தவறு குற்றாலம். ஆடி மாதம், நல்ல சாரல். அருவியில் நின்றால் யாருக்கும் மனசு லேசாகிவிடும் என்று நம்பி, ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வேன் பிடித்தோம். சித்தி குடும்பமும் சேர்ந்துகொண்டது. மெயினருவியில் வரிசை, விசில் சத்தம், எண்ணெய் தேய்த்துக்கொண்டு முண்டியடிக்கிற கூட்டம், வழியெல்லாம் ஒலிபெருக்கி. "சிரிடா, போட்டோ எடுக்கணும்" என்று சித்தப்பா அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார். அவனும் சிரித்தான். வீடு வந்து சேர்ந்த பிறகு மூன்று நாள் அந்த அறையை விட்டு வெளியே வரவில்லை.

நம்மில் பெரும்பாலோர் இந்த இரண்டையும் செய்துவிட்டுத்தான் மூன்றாவதுக்கு வருகிறோம் என்று நினைக்கிறேன். செய்துவிட்டவர்கள் மனம் நோக வேண்டாம். அன்பினால்தான் செய்தோம். ஆனால் அது ஏன் பலிக்கவில்லை என்று தெரிந்துகொள்வது நல்லது. ரேச்சல் கப்ளான், ஸ்டீபன் கப்ளான் என்ற அமெரிக்க உளவியலாளர் தம்பதி 1989இல் வெளியிட்ட நூலில் கவனத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஒன்றின்மேல் வலிந்து கவனம் வைக்கிற சக்தி நமக்குள் இருக்கிறது, உழைத்த தசை போல அதுவும் அலுத்துப்போகும் என்கிறார்கள். இலை அசைவது, தண்ணீர் ஓடுவது, மேகம் நகர்வது போன்றவை நம்மிடம் எதையும் கேட்காமல் கவனத்தை மெல்லப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அந்த நேரத்தில் அலுத்த சக்தி ஊறிக்கொள்கிறது. குற்றாலத்தில் அன்று என் தம்பியிடம் ஆளாளுக்கு ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தோம். அருவி அவனிடம் வந்து சேரவே இல்லை.

எங்கள் வீட்டில் முதலில் மாறியது கட்டில்தான். ராஜர் உல்ரிச் 1984இல் 'சயன்ஸ்' இதழில் எழுதிய சிறு கட்டுரை ஒன்றைப் பற்றி எங்கோ படித்தேன். பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனை. 1972 முதல் 1981 வரை அங்கே பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை எடுத்து, வயது முதலானவை ஒத்துவருகிற 46 பேரைச் சோடி சோடியாகப் பிரித்திருந்தார். சோடியில் ஒருவருக்கு ஜன்னல் வழியே மரங்கள் தெரியும். மற்றவருக்கு ஒரு செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் முக்கால் நாள் அளவுக்கு முன்னதாகவே வீடு திரும்பியிருந்தார்கள். கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டிருந்தது. 46 பேர் என்பது சின்னக் கணக்கு, அவர்களுக்கு வந்தது மனநோயும் இல்லை. ஆனாலும் சுவர் என்ற சொல் என்னை உறுத்தியது. என் தம்பி கண்ணுக்கெதிரே ஒரு மாதமாகச் சுவர்தானே இருக்கிறது?

அவன் எப்போதும் இடப்பக்கமாகத்தான் ஒருக்களித்துப் படுப்பான். தலைமாட்டைக் கால்மாட்டுக்கு மாற்றிக் கட்டிலை எதிர்ப்பக்கம் நகர்த்தினால் ஜன்னல் கண்ணுக்கு நேரே வரும். "வடக்க தலை வந்துராதுல்லா?" என்று அம்மா கேட்டுக்கொண்டார். மேற்கே தலை என்றதும் சம்மதித்தார். ஜன்னலுக்கு வெளியே பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு முருங்கை, அதன் கிளையில் சண்டை போடுகிற தவிட்டுக்குருவிகள், பின்வீட்டுக் கொடியில் காயும் துணி. அவன் பார்த்தானா என்றுகூட எனக்குத் தெரியாது. பத்துப் பதினைந்து நாள் கழித்து, "அந்த அணில் முருங்கைப் பூவ எல்லாம் கடிச்சுப் போடுது" என்றான். நாங்கள் கேட்காமல் அவனாகச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.

ஆவணி பிறந்ததும் கொல்லையில் பவளமல்லி பூக்கத் தொடங்கியது. பவளமல்லியைப் பறிக்க வேண்டியதில்லை. இருட்டில் பூத்து, விடிவதற்குள் தானே உதிர்ந்து கிடக்கும். அம்மாவுக்கு முழங்கால் வலி, குனிய முடியாது. "சாமிக்குப் பூ பொறுக்கணும், எனக்கு லைட்டப் பிடி" என்று ஒரு விடிகாலை அவனைக் கூப்பிட்டேன். நடை போய்ட்டு வா என்று சொல்லவில்லை. வெளியே வந்தால் நல்லது என்றும் சொல்லவில்லை. வந்தான். துவைகல்லில் உட்கார்ந்து டார்ச்சைப் பிடித்தான். ஈர மண்ணில் வெள்ளைப் பூக்கள் கவிழ்ந்து கிடக்க, ஆரஞ்சுக் காம்புகள் மட்டும் மேலே தெரிந்தன. நான் பொறுக்கினேன். நாலைந்து நாள் இப்படியே போனது. ஒரு நாள் நான் எழுந்து வரும்போது தாம்பாளத்தில் பாதிக்குப் பூ இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. பாராட்டாமல் இருந்ததுதான் அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம் என்று இன்றும் நம்புகிறேன்.

'மனசு வரட்டும், அப்புறம் செய்யலாம்' என்று காத்திருந்தால் இந்த நோயில் மனசு வராது. கை முதலில் அசைய வேண்டும், மனசு பின்னால் வரும் என்பார்கள் உளவியல் ஆலோசகர்கள். அதற்காகவே வகுத்த சிகிச்சை முறைகூட இருக்கிறது. விடிகாலைக்கு இன்னொரு நன்மை உண்டு. காலை வெளிச்சம் கண்ணில் படும்போதுதான் உடம்புக்குள் இருக்கிற கடிகாரம் சரியாகத் திருகப்படுகிறது, இரவுத் தூக்கம் அதன்படி நேர்ப்படுகிறது. அதோடு அந்த நேரத்தில் தெருவில் ஆள் இருக்காது. "என்ன, தம்பி வேலைக்குப் போகலியா?" என்ற கேள்வியும் இருக்காது. இந்தக் கடைசிக் காரணம் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் வராது. நம் ஊரில் வாழ்கிறவர்களுக்கு அதுதான் முதல் காரணம்.

புரட்டாசியில் ஆற்றுக்குப் போக ஆரம்பித்தோம். அதற்கு முன்னால் மருத்துவரிடம், ஆற்றங்கரைக்கு இவனை அழைத்துப் போகலாமா என்று கேட்டுக்கொண்டேன். நீங்களும் கட்டாயம் கேளுங்கள். இதைப் பிறகு இன்னொரு முறை சொல்லுவேன்.

எங்கள் ஊரில் குறுக்குத்துறைப் படித்துறை இருக்கிறது. தாமிரபரணி நடுவே முருகன் கோயில், கரையில் மருத மரங்கள். ஆறு சுத்தமாக இருக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். ஊர்ச் சாக்கடை வந்து கலக்கிறது, படியில் ஷாம்பு உறைகள் ஒட்டிக் கிடக்கும். ஆனாலும் ஐந்தரை மணிக்கு அந்தக் கல் குளிர்ந்திருக்கும், தண்ணீர் லேசான சூட்டோடு ஓடும். படியில் உட்கார்ந்து காலை விட்டால் சின்ன மீன்குஞ்சுகள் வந்து கொத்தும். முதல் நாள் தம்பி காலைச் சட்டென்று இழுத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்தான். பிறகு மெதுவாகப் பெருவிரலை மட்டும் விட்டான். மீன்கள் திரும்பி வந்தன. இந்தத் தடவை இழுக்கவில்லை. அவன் பாதத்தைச் சுற்றி அந்த மீன்கள் மொய்த்ததை நான் இப்போதும் கண்ணை மூடினால் பார்க்கலாம். நாற்பது நிமிடம் உட்கார்ந்திருப்போம். மொத்தம் பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டோம்.

அந்த மௌனம்தான் எனக்குக் கடினமாக இருந்தது. நாம் பேசிப் பேசித் தேற்றிப் பழகியவர்கள். பக்கத்தில் உட்கார்ந்து சும்மா இருப்பது நமக்குக் கைவராது, பழகத்தான் வேண்டும். மருகுவது இந்த நோயின் பெரிய வேதனை. அதையே அதையே திருப்பித் திருப்பி நினைத்து மனசு செக்குமாடாகச் சுற்றும். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2015இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நோய் எதுவும் இல்லாத சிலரைப் புல்லும் மரமுமாக இருக்கும் இடத்தில் 90 நிமிடம் நடக்க விட்டார்கள். வேறு சிலரை வாகனங்கள் விரையும் சாலையோரம் அதே நேரம் நடக்க விட்டார்கள். மரங்களிடையே நடந்தவர்களுக்கு மருகல் குறைந்திருந்தது, அதோடு தொடர்புடைய மூளைப் பகுதியின் இயக்கமும் தணிந்திருந்தது. நாம் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "என்னடா யோசிக்கிற?" என்று கேட்டால் செக்கு மறுபடி சுற்றத் தொடங்கிவிடும்.

எவ்வளவு நேரம் என்று கேட்பீர்கள். இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் எடுத்த ஓர் ஆய்வு 2019இல் வெளியானது. வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கையின் நடுவே கழித்தவர்கள், அப்படிக் கழிக்காதவர்களைவிட உடல்நலமும் மனநிறைவும் கூடுதலாக இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். ஒரே நாளில் கழித்தாலும் துண்டு துண்டாகக் கழித்தாலும் வித்தியாசம் தெரியவில்லை. நலமாக இருப்பவர்கள்தான் அதிகம் வெளியே போனார்களோ என்ற கேள்வி அதில் உண்டு. எனக்கு அந்த எண் ஒரு வகையில் ஆறுதலாக இருந்தது. நாளைக்குப் பதினேழு நிமிடம் சொச்சம். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் செலவழிக்க முடியாத குடும்பத்தாலும் முடிகிற கணக்கு.

ஆறு இல்லாத ஊர் என்றால் ஏரிக்கரை, கோயில் நந்தவனம், பள்ளி மைதானத்து வேம்பு. அதுவும் இல்லையென்றால் மொட்டைமாடியில் நாலு தொட்டி. தக்காளி விதை முளைத்துத் தலைதூக்குவதை ஒருவர் தினமும் போய்ப் பார்க்கிறார் என்றால், நாளைக்கு என்று ஒன்று அவருக்கு இருக்கிறது. ஜப்பானில் அரசின் வனத்துறையே 1982இல் 'ஷின்ரின் யோகு', அதாவது காட்டில் குளித்தல், என்ற பெயரில் இதை மக்களிடம் கொண்டுபோனது. நமக்கு அந்தப் பெயர் வேண்டியதில்லை. திண்ணையும் படித்துறையும் ஆலமரத்தடி மேடையும் நம்மிடம் இருந்தவைதான்.

நம் ஊர்ச் செய்தி ஒன்றும் உண்டு. 2002இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் முத்துசாமி கோயில். மனநோய் கடுமையாக இருந்த 31 பேர் அங்கே வீட்டார் ஒருவரோடு சில வாரங்கள் தங்கியிருந்தார்கள். சிறப்பான சடங்கு என்று எதுவும் நடத்தவில்லை. காலையில் வழிபாடு, பிறகு கோயிலைக் கூட்டுவது, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது. கிளம்பும்போது நோயின் கடுமையைக் காட்டும் அளவுகோலில் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. கோயிலே போதும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. மருந்தை நிறுத்திவிட்டுப் போங்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் வெந்து மாண்டார்கள். அவர்களையும் குணமாகட்டும் என்றுதான் வீட்டார் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். அந்தச் சிற்றூர்க் கோயில் ஆய்வில் என் கண் இரண்டு இடங்களில் நின்றது. வீட்டார் கூடவே தங்கினார்கள். நோயாளி கையில் தண்ணீர் வாளி இருந்தது.

மாத்திரை பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மனச்சோர்வு மருந்துகள் வேலை செய்யத் தொடங்கவே சில வாரங்கள் ஆகும். என் தம்பி ஆற்றுக்கு வரத் தொடங்கிய நேரமும் மாத்திரை பிடிக்கத் தொடங்கிய நேரமும் ஏறத்தாழ ஒன்றுதான். எது எவ்வளவு உதவியது என்று நான் பிரித்துப் பார்த்ததில்லை, பிரிக்கவும் முடியாது. இரண்டும் வேண்டியிருந்தது. வெளியே கூட்டிப்போகும்போது மாத்திரையையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். லித்தியம் என்ற மருந்து சாப்பிடுபவர் வெயிலில் அலைந்து உடம்பில் நீர் வற்றினால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஆபத்தாக ஏறிவிடும். குளோர்புரோமசின் போன்ற சில மருந்துகள் சாப்பிடுபவருக்கு வெயில் பட்டால் தோல் சட்டென்று கருகும். அதனால் காலை எட்டுக்கு முன், மாலை ஐந்துக்குப் பின், கையில் தண்ணீர்.

இன்னொரு முறை சொல்லுவேன் என்றது இதுதான். வாழ்வதில் அர்த்தமில்லை, நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நல்லது என்ற மாதிரிப் பேச்சு ஒரு தடவை காதில் விழுந்தாலும், ஆறு, கிணறு, மலை எதுவும் வேண்டாம். அவரைத் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் போங்கள். நேராகக் கேட்டால் அந்த எண்ணம் கூடிவிடும் என்று பயப்பட வேண்டாம், கேட்கலாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழில் பேசலாம். நடையும் மரமும் அவசர சிகிச்சைக்குப் பிறகுதான்.

படுத்திருப்பவர் பெண்ணாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அவருக்குப் படுக்கவே இடம் கொடுப்பதில்லை. அடுப்படியில் நின்றுகொண்டே நோயைச் சுமப்பார், வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. பிள்ளை பெற்று மூன்று மாதம் ஆன பெண் காரணமில்லாமல் அழுதால் 'பால் கட்டியிருக்கும்' என்பார்கள். என் தம்பிக்காக நானும் அம்மாவும் ஐந்து மணிக்கு எழுந்தோம். எனக்கு அது வந்திருந்தால் யார் எழுந்திருப்பார்கள் என்று படித்துறையில் உட்கார்ந்து பல நாள் யோசித்திருக்கிறேன். மாமியார்களே, கணவர்களே, உங்களிடம்தான் சொல்கிறேன்: காலைச் சமையலை ஒரு அரை மணி நேரம் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். பூங்காவுக்கு அவர் தனியே போகத் தயங்கினால் கூடப் போங்கள். கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

ஐப்பசியில் மழை பிடித்ததும் ஆற்றுக்குப் போவதை நிறுத்திவிட்டு, கொல்லை வாசலில் உட்கார்ந்து மழையைப் பார்த்தோம். அப்போது அது எங்களுக்குச் சுகமாக இருந்தது. எல்லாருக்கும் எப்போதும் அப்படி இருக்காது என்பதை 2023 டிசம்பர் காட்டிவிட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, தாமிரபரணி ஊருக்குள் வந்தது. அதன் பிறகு மழைச் சத்தம் கேட்டாலே தூக்கம் போய்விடுகிற குடும்பங்கள் எங்கள் பக்கம் இருக்கின்றன. அவர்களிடம் போய் ஆற்றங்கரையில் உட்காருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. உங்கள் வீட்டில் இருப்பவருக்கு எந்த இடம் பயம், எந்த இடம் நிம்மதி என்பது அவருக்குத்தான் தெரியும். காடு ஒருவருக்கு அமைதி, இன்னொருவருக்கு அச்சம். ஒரு மரத்தடியில் உட்கார்ந்ததும் அவர் உடம்பு இறுகுகிறதா இளகுகிறதா என்று பாருங்கள். இறுகினால் எழுந்து வந்துவிடுங்கள்.

தம்பி இப்போது திருநெல்வேலியிலேயே வேலை பார்க்கிறான். முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். நடுவில் ஒரு முறை மறுபடி படுத்தான், ஆறு வாரம். 2011 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் தன்னார்வலர்கள் நீர்ப்பறவைகளை எண்ணுகிறார்கள். நோய் வந்த மூன்றாம் ஆண்டு அவனும் நோட்டுப் புத்தகத்தோடு போனான். வெயிலில் கறுத்து வந்து, எத்தனை நாமக்கோழி, எத்தனை முக்குளிப்பான் என்று அம்மாவிடம் ஒப்பித்தான். அம்மாவுக்கு ஒரு பறவை பெயரும் தெரியாது. கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

முடிப்பதற்கு முன் உங்களைப் பற்றி ஒன்று. நோயாளியைப் பற்றியே எல்லாரும் உங்களிடம் விசாரிப்பார்கள். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நான் இந்த நோயை ஒரு வருடம் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இரவில் எழுந்து அவன் மூச்சு வருகிறதா என்று கதவிடுக்கு வழியாகக் கேட்டுவிட்டுப் படுத்திருக்கிறேன். பகலில் அவன்மேல் கோபம் வரும், கோபப்பட்டோமே என்று குற்ற உணர்வு வரும். படித்துறைக்கு அவனுக்காகத்தான் போனேன். மழை விட்டதும் மறுபடி போகத் தொடங்கியிருந்தோம். மார்கழி பிறந்த பிறகு ஒரு நாள் அவன் "பனியா இருக்கு, இன்னைக்கு வரலக்கா" என்றான். அதற்குள் நான் வாசல் தெளித்துக் கோலம் போட்டு, துண்டை எடுத்துத் தோளில் போட்டிருந்தேன். "அம்மாவப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு நான் மட்டும் போனேன். ஆற்றின் மேல் பனி நீர்மட்டத்துக்கு இறங்கியிருந்தது. கோயில் மணி கேட்டது, கோயில் தெரியவில்லை. காலைத் தண்ணீரில் விட்டேன். மீன்கள் வந்தன. அந்த வருடத்தில் முதல் தடவையாக அழுதேன், நல்ல சத்தமாக. வெயில் வரும்வரை அங்கேயே இருந்தேன்.

அன்புடன்,
திருநெல்வேலியிலிருந்து
ஓர் அக்கா